பச்சை நூல் சுற்றிய கம்பி

எங்கள் கிளப்பில் யாரிடமும் கேட்கக்கூடாத கேள்வி ஒன்று உண்டு: "இந்த மீனை எங்கே பிடித்தாய்?" வயதைக் கேட்கலாம், வருமானத்தைக் கேட்கலாம், முதல் மனைவி ஏன் விட்டுப் போனாள் என்றுகூடக் கேட்கலாம். எந்த வாய்க்கால், எந்தக் கரை என்று மட்டும் கேட்கக்கூடாது. படம் காட்டும்போதுகூடப் பின்னால் தெரியும் பாலத்தையும் மரத்தையும் மறைத்துவிட்டுத்தான் காட்டுவார்கள். முப்பது வருடமாக நானும் அப்படித்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமை ஒரு மனிதனின் பெயரைக் கெடுக்கப் போகிறது என்று தெரிந்திருக்கவில்லை.

நான் வினிஃப்ரெட் செட்செல். பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், கேட்வாட்டர் பைக் மீன் கிளப்பின் செயலாளர். அக்டோபரிலிருந்து மார்ச் பாதி வரை வாய்க்கால் கரையில் குளிரில் விறைத்துக்கொண்டு உட்காருவோம். வாய் நிறையப் பல்லோடு, ஒரு சிறுபிள்ளை உயரத்துக்கு ஒரு பைக் மீன் கிடைத்தால் எடை போட்டு, படம் எடுத்து, முத்தம் கொடுக்காத குறையாகத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவோம். சாப்பிடுவதில்லை. "அப்புறம் எதுக்குடி போறே?" என்று என் அக்கா கேட்காத கிறிஸ்துமஸ் கிடையாது. நானும் பதில் சொன்னது கிடையாது.

மாதத்தின் முதல் வியாழக்கிழமை, பப்பின் பின்னறையில் கூட்டம். யாராவது ஒருவர் வந்து பேசுவார். நூற்றிருபது படம் கொண்டுவந்து, நூற்றிருபதிலும் தன் முகத்தையே பெரிதாகக் காட்டிவிட்டுப் போன மகானுபாவர்களும் உண்டு. பேச்சு முடிந்ததும் ராஃபிள் சீட்டுக் குலுக்கல். வருடத்துக்கு ஒரு முறை, பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மதியம், ஊர்ப் பொதுக்கூடத்தில் நன்கொடை நாள். கேக் மேசை, ஏலம், ஒரு பேச்சு. வசூலாவது முழுவதும் நகருக்கு வெளியே இருக்கும் ஹாஸ்பிஸுக்குப் போகும். சாகப்போகிறவர்களை வலியில்லாமல் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. எங்களில் பாதிப் பேர் வீட்டிலிருந்து யாராவது ஒருவர் அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

நன்கொடை நாளில் பேசுவது எப்போதும் எங்கள் தலைவர் ஹெட்லி ஃபோவார்க்தான். எழுபத்தொரு வயது. மரத்தில் செதுக்கிய பைக் மீன் தலை ஒன்றை மேசையில் வைத்துக்கொண்டு, மீனுக்கு வலிக்காமல் தூண்டில் முள்ளை எப்படி எடுப்பது என்று நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எடுத்த எடுப்பில் ஒரே விதியைச் சொல்வார்: இரை தண்ணீரில் கிடக்கும்போது தூண்டிலை விட்டு நகராதே. நீ இல்லாத நேரத்தில் மீன் கவ்வினால் இரையை விழுங்கிவிடும். முள் வயிற்றுக்குள் போய்விடும். அப்புறம் அந்த மீன் பிழைக்காது. அதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். எங்களுக்கெல்லாம் அது மனப்பாடம்.

போன நவம்பருக்கு முந்தின நவம்பரில், ஹெட்லியின் மனைவி டோரின் அதே ஹாஸ்பிஸில் இறந்துபோனாள். ஒன்பது வாரம் அங்கே கிடந்தாள். நான் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். இன்னும் போயிருக்கலாம்.

அவளைப் புதைத்த வாரமே ஹாப்டன் வாய்க்காலில் செத்த மீன் ஒன்று ஒதுங்கியது. கண்டெடுத்தவர் கிளைவ் லார்வுட், எங்கள் கமிட்டி ஆள். இருபத்தெட்டு பவுண்டு. வயிற்றில் முட்டை பிடிக்க ஆரம்பித்திருந்த பெண் மீன். பைக்கின் பல் நைலான் நரம்பை அறுத்துவிடும் என்பதால் முள்ளுக்கு மேலே ஒன்றரைச் சாண் நீளத்துக்கு முறுக்குக் கம்பி கட்டுவோம். அந்தக் கம்பி மீனின் தொண்டைக்குள் போயிருந்தது. வெளியே அறுந்த நரம்பு பாதி வாய்க்காலுக்கு இழுபட்டுக் கிடந்தது. யாரோ தூண்டிலைப் போட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். கம்பியை வெட்டியெடுத்துப் பார்த்தோம். அதன் முனையில் பச்சைப் பட்டு நூல் நெருக்கமாகச் சுற்றியிருந்தது. அப்படிச் சுற்றுகிறவர் எங்களில் யாருமில்லை.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் கிளைவ். "மீனைத் திங்கிற ஊர்க்காரன் நம்மகிட்ட ஒருத்தன்தானே இருக்கான்."

அவர் சொன்னது ரிமாண்டாஸை. லித்துவேனியாவிலிருந்து வந்து எங்கள் பக்கத்துக் காய்கறி பொட்டலமிடும் ஆலையில் வேலை பார்ப்பவர். இரண்டு வருடமாக உறுப்பினர். தன் ஊர் ஏரி உறைந்து கிடக்கும்போது பனியில் துளை போட்டு மீன் பிடிப்பதைப் பற்றி ஒரு வியாழக்கிழமை பேசினார். ஆங்கிலம் தடுமாறியது. ஆனாலும் அந்த வருடத்தில் நாங்கள் கேட்ட நல்ல பேச்சு அதுதான். கைதட்டி ஓய எங்களுக்கு நேரமானது. அதன்பிறகு ஆலையில் கெஞ்சிக் கூத்தாடி முதல் வியாழக்கிழமைகளை விடுப்பாக மாற்றிக்கொண்டார்.

டிசம்பர் கூட்டத்தில் அவரைக் கமிட்டி முன்னால் உட்கார வைத்தோம். எங்கே உட்கார்ந்து மீன் பிடிப்பாய் என்று கிளைவ் கேட்டார். எங்களில் யாரிடமும் கேட்கக்கூடாத கேள்வியை அவரிடம் மட்டும் கேட்டோம். அவர் எங்கள் வழக்கம் தெரியாதவர், அல்லது பொய் சொல்லத் தெரியாதவர். ஹாப்டன் வாய்க்கால், சனிக்கிழமைகளில், பம்ப் வீட்டுக்குக் கீழே என்று சொன்னார். வேறு யார் அங்கே உட்கார்ந்தார்கள் என்று நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. அது மரியாதையில்லை, பாருங்கள்.

கம்பியை அவர் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். பச்சை நூலைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு தலையைத் தூக்கி மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரையும் பார்த்தார். மறுபடி கம்பியைப் பார்த்துக்கொண்டு, "இது என்னோடது இல்ல" என்று மட்டும் சொன்னார். வேறென்ன சொல்ல விரும்புகிறாய் என்று நான் கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். அந்த ஒன்றுமில்லை என்பதைக் குற்றம் செய்தவனின் வாயடைப்பு என்று எடுத்துக்கொண்டேன். அத்தனை புத்திசாலி நான்.

நீக்க வேண்டும் என்பதற்குக் கைகள் உயர்ந்தன. என் கையும்தான். ஹெட்லி மட்டும் கை தூக்கவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. பாவம், மனைவியைப் புதைத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கடிதம் எழுதியது நான். அதன் நகலைத் தூண்டில் கடைப் பலகையில் ஊசி குத்தி மாட்டியதும் நான்தான். மீனைக் கொன்றவர் பெயரை அங்கே போடுவது கிளப்பின் விதி. ஆலையில் வேலை பார்க்கிறவர்கள் பாதிப் பேர் அந்தக் கடைக்குப் போய்வருகிறவர்கள்.

இந்தப் பிப்ரவரியில் நன்கொடை நாள் வந்தது. ஏலப் பொருட்களை மேசையில் அடுக்கி எண் ஒட்டிக்கொண்டிருந்தேன். பழைய ரீல் ஒன்று, யாரோ பின்னிய கம்பளித் தொப்பி நான்கு, ஒரு கூடை ஆப்பிள் ஜாம். ஹெட்லி கொடுத்திருந்தது ஒரு தட்டையான தகர டப்பா. மேலே ஒரு சீட்டு: "டோரின் கையால் கட்டிய பைக் கம்பிகள், பத்து." டோரின் பூத்தையல் போடுவாள், எனக்குத் தெரியும். கம்பி கட்டுவாள் என்று தெரியாது. ஆசையாகத் திறந்தேன்.

பத்துக் கம்பிகள் அட்டையில் வரிசையாக மாட்டியிருந்தன. ஒவ்வொன்றின் முனையிலும் பச்சைப் பட்டு நூல்.

கூட்டக் குறிப்புகள் எழுதும் என் மினிட்ஸ் கோப்பு எப்போதும் என் பையில் இருக்கும். பின்னட்டையில் செருகிய உறையில் அந்தப் பழைய கம்பி பதினான்கு மாதமாக இருந்தது. எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே நிறம், அதே நெருக்கம், முடிச்சும் அதே பக்கம். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் வந்தது ஹெட்லி மேல் கோபம் என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மையில் முதலில் வந்தது, நல்லவேளை, இதை வேறு யாரும் பார்க்கவில்லை என்ற எண்ணம். டப்பாவை மூடிக் காருக்குள் போட்டுவிடலாம் என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன். அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

ஹெட்லி சமையலறையில், தேநீர் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று தன் மர மீன் தலையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கதவைச் சாத்திவிட்டு இரண்டு கம்பியையும் அவர் முன்னால் வைத்தேன்.

அவர் அதிரவில்லை. "பார்த்துட்டியா வின்னி" என்றார். "நீதான் அந்த டப்பாவைத் திறப்பேன்னு தெரியும்."

"வேணும்னேதான் கொண்டுவந்தியா?"

"வாயால சொல்ல வரல. பதினாலு மாசமா வரல. இதையாவது நீ பாப்பேன்னு வச்சேன்."

பிறகு சொன்னார். அவர் ரகசியமாக உட்காரும் இடமும் ஹாப்டன்தான், ரிமாண்டாஸின் இடத்திலிருந்து கால் மைல் மேலே. டோரின் இறந்த நாள் காலை மூன்று தூண்டில் போட்டிருந்தார். ஹாஸ்பிஸில் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் டோரின் கட்டிக்கொடுத்த கம்பிகள். கம்பியின் வெட்டு முனை அவர் விரலைக் குத்தக்கூடாது என்று நூல் சுற்றியிருந்தாள். உடனே வரச்சொல்லி ஹாஸ்பிஸிலிருந்து தொலைபேசி வந்தது. மூன்றையும் சுருட்ட இரண்டு நிமிடம் ஆகும். அவர் சுருட்டவில்லை. அப்படியே போட்டுவிட்டு ஓடினார். ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தபோது ஒன்றில் நரம்பு அறுந்திருந்தது.

"அன்னிக்கு நான் போய்ச் சேர்ந்தப்போ அவளுக்கு நாலு நிமிஷம் மூச்சு இருந்துச்சு" என்றார். "கையைப் பிடிச்சுக்கிட்டேன். என்னைத் தெரிஞ்சுச்சு அவளுக்கு. இப்போ கூப்பிட்டாலும் தூண்டிலைப் போட்டுட்டு ஓடத்தான் செய்வேன். அது தப்பில்ல வின்னி. தப்பு அது இல்ல."

"யாருமே உன்னைக் குத்தம் சொல்லியிருக்க மாட்டாங்களே, ஹெட்லி."

"அதான். யாரும் சொல்லியிருக்க மாட்டீங்க. ஆனா அந்த டிசம்பர்ல எனக்குன்னு மிச்சம் இருந்தது இந்த ஒரு பேருதான். தூண்டிலை விட்டு நகராத ஹெட்லி. வீட்ல யாருமில்ல. இதுவும் போச்சுன்னா என்ன இருக்குன்னு வாயை மூடிக்கிட்டேன். அந்தப் பையன் கம்பியைப் பார்த்துட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் மேசையைப் பார்த்தேன்."

நீ சொல்கிறாயா, நான் சொல்லவா என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டேன். அவர் மர மீனைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

கூடத்தில் எண்பது பேர் இருப்பார்கள். கேக் தட்டுகள் மடியில். ஹெட்லி வழக்கம்போல மீன் தலையை மேசையில் வைத்தார். வழக்கம்போல, தூண்டிலை விட்டு நகராதே என்று ஆரம்பித்தார். பிறகு, நான் நகர்ந்தேன் என்றார். வாய்க்காலின் பெயரைச் சொன்னார். நாற்பது வருடத்தில் எங்கள் மேடையில் ஒருவர் தன் இடத்தின் பெயரைச் சொன்னது அதுவே முதல் முறை. கரையைச் சொன்னார், நாளைச் சொன்னார், பச்சை நூலைச் சொன்னார். அந்த மீனைக் கொன்றவன் நான், அதற்காக நீங்கள் துரத்தியது ரிமாண்டாஸை, நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று முடித்தார். டோரினைப் பற்றி ஒரே ஒரு வரிதான் சொன்னார். அனுதாபத்துக்காகச் சொல்கிறார் என்று யாரும் நினைத்துவிடக்கூடாதாம்.

பின்வரிசையில் ஒருவர் இரக்கப்பட்டுக் கைதட்ட ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டார். கைதட்டுவதற்கு அதில் என்ன இருந்தது? கிளைவ் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைத் திட்டவும் முடியவில்லை. அவர் வாயால் சொன்னதைக் கையால் எழுதியவள் நான். ஏலம் நடந்தது. தகர டப்பாவை மட்டும் ஏலம் விடவில்லை.

மறுநாள் மதியம் ஹெட்லியை என் காரில் ஏற்றிக்கொண்டு ரிமாண்டாஸ் வீட்டுக்குப் போனேன். ஆலைக்குப் பின்னால் வரிசை வீடுகளில் கடைசி. கையில் புதுக் கடிதம் வைத்திருந்தேன். மூன்று முறை கிழித்து நான்காவது முறை எழுதியது. ஹெட்லி டப்பாவை மடியில் வைத்திருந்தார்.

கதவைத் திறந்தது ரிமாண்டாஸின் மனைவி. அவளைப் பார்த்ததும் ஹெட்லி ஓரடி பின்னால் போனார். "டைவா?" என்றார்.

ஹாஸ்பிஸில் டோரினைக் குளிப்பாட்டி, தலைவாரி, கடைசி ஒன்பது வாரமும் பார்த்துக்கொண்ட பெண். அங்கே சட்டையில் குத்தியிருக்கும் முதல் பெயரைத் தவிர வேறு எதுவும் நாங்கள் கேட்டதில்லை. அவள் யார் வீட்டுக்காரி என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

உள்ளே உட்கார வைத்தாள். ரிமாண்டாஸ் வேலை உடுப்போடு வந்து எதிரில் உட்கார்ந்தார். ஹெட்லி கூடத்தில் சொன்னதையே மறுபடி சொன்னார். இந்த முறை இன்னும் கடினமாக இருந்தது. அவர் முடித்ததும் டைவா டப்பாவைத் திறந்து ஒரு கம்பியை எடுத்தாள்.

"இந்த நூலை டோரினுக்குக் கொடுத்ததே நான்தான்" என்றாள். "என் தையல் டப்பாவுல இருந்து. பச்சைதான் வேணும்னாங்க. அந்த மீனோட முதுகு அந்த நிறம்னாங்க. வீட்டுக்கு வந்து இவர்கிட்டயும் சொன்னேன்."

எனக்கு அப்போதும் முழுதாகப் புரியவில்லை. ரிமாண்டாஸைப் பார்த்துக் கேட்டேன். "அப்போ அன்னிக்குக் கமிட்டில, அந்தக் கம்பியைக் கையில வாங்கினப்போவே..."

"தெரியும்" என்றார்.

"தெரிஞ்சும் ஏம்ப்பா சொல்லல?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஹெட்லியைப் பார்த்துச் சொன்னார். "நீங்க உங்க சம்சாரத்தைப் புதைச்சு மூணு வாரம்கூட ஆகல. அந்தக் கூட்டத்துல நான் எப்படிச் சொல்றது? நீங்களே சொல்வீங்கன்னு நெனச்சேன். அன்னிக்கு இல்லன்னா அடுத்த வாரம். அடுத்த வாரம் இல்லன்னா அடுத்த மாசம்."



ரிமாண்டாஸ் என் கையிலிருந்த கடிதத்தை வாங்கினார். நின்று முழுவதும் படித்தார். என் தவறு என்று எழுதியிருந்த வரியை இரண்டாம் முறை படித்ததைக் கண்டேன். மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "இதை எனக்குக் கொடுக்காதீங்க, மிஸஸ் செட்செல். முதல் கடுதாசியை எங்க மாட்டினீங்களோ அங்கயே மாட்டுங்க. அங்க நான் ஒரு வருஷத்துக்கு மேல தொங்கினேன்."

மாட்டுகிறேன் என்றேன். இப்போதே போகும் வழியில் மாட்டுகிறேன் என்றேன். கிளப்புக்குத் திரும்பி வருவீர்களா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வரவேண்டும் என்று கேட்கிற உரிமையும் எங்களுக்கு இல்லை. ஹெட்லி எழுந்து நின்றார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ரிமாண்டாஸும் மன்னித்ததாகச் சொல்லவில்லை. டைவா மட்டும் அந்தக் கம்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

வாசலுக்கு என்னோடு வந்தவள் அவள்தான். சமையலறைச் சுவரில் ஆலையின் வேலை நேர அட்டவணை தொங்கியது. கடந்து போகும்போது கண்ணில் பட்டது. ஒரே ஒரு நாளைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தது. நான் பார்ப்பதை டைவா பார்த்தாள்.

"முதல் வியாழன்" என்றாள். "அந்த லீவை அவர் இன்னும் மாத்தல. உங்க போன் வரும்னு சாயங்காலம் முழுக்க வீட்லயே உக்காந்திருப்பாரு. பதினாலு வியாழன்."